பலெர்மோவில் நான்கு நாள்: எரிமலையை விட்டுவிடுங்கள்

ஈரோட்டிலிருந்து, வங்கி வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"மகள் மியூனிக்கில் வேலை பார்க்கிறாள். அக்டோபரில் மூன்று வாரம் அவள் வீட்டில் தங்கப்போகிறோம். நடுவில் நான்கு நாள் இத்தாலியின் சிசிலித் தீவுக்கு, பலெர்மோ நகரத்துக்குப் போகலாம் என்று ஆசை. நான், மனைவி, 74 வயது அம்மா, சிவில் இன்ஜினியரிங் படிக்கும் மகன். நண்பர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: முதல் நாள் பலெர்மோ, இரண்டாம் நாள் எட்னா எரிமலை, மூன்றாம் நாள் தவோர்மினா, நான்காம் நாள் அக்ரிஜெந்தோ. அம்மாவுக்கு முழங்கால் வலி. முட்டைகூடச் சாப்பிட மாட்டார். எங்கே போனாலும் கோயில் இருக்கிறதா என்று கேட்பார். கார் எடுத்துக்கொள்ளலாமா? மாஃபியா ஊர் என்கிறார்களே, பயமில்லையா? கடலில் இறங்கலாமா? விசா ஜெர்மனிக்கா, இத்தாலிக்கா?"

வணக்கம் சார்.

முதலில் அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் நண்பர் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார், தூரத்தைப் பார்க்கவில்லை. எட்னாவுக்குப் பக்கத்து ஊர் கத்தானியா. அது தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது, பலெர்மோவோ வடமேற்கில். இடையே சுமார் 200 கிலோமீட்டர். ரயிலில் மூன்று மணி நேரம் ஆகும், தவோர்மினா அதற்கும் அப்பால். அக்ரிஜெந்தோ தெற்குக் கரை, ரயிலில் இரண்டு மணி நேரம். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை மூன்று நாள் தொடர்ந்து விடியற்காலையில் எழுப்பி, இரவு ஒன்பது மணிக்குத் திரும்பக் கூட்டிவரப் போகிறீர்களா? எரிமலை பார்க்கத்தான் வேண்டும் என்றால் இன்னொரு முறை கத்தானியாவில் இறங்கிப் பாருங்கள். இந்த நான்கு நாளும் பலெர்மோவுக்கே. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய ஓர் ஊரை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்கு நாள் ஒரே ஊரில் என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த பழங்காலக் கடல் வணிகர்களான பினீசியர்கள் தொடங்கிய துறைமுகம் இது. 831இல் அரபுகள் கைக்கு வந்தது. 1072இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் பிடித்தார்கள். பிடித்தவர்கள் இருந்ததை இடித்துத் தள்ளவில்லை. அரபுத் தச்சர், கிரேக்க ஓவியர், லத்தீன் பாதிரியார் எல்லோரையும் ஒரே கட்டடத்தில் வேலைக்கு வைத்தார்கள். 1130இல் முடிசூடிய நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் தொடங்கி அவருடைய பேரன் காலம் வரை, 60 ஆண்டுகளுக்குள் எழுந்த கட்டடங்கள்தான் பலெர்மோவின் சொத்து. இவற்றில் ஒன்பது இடங்களை 2015இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அவற்றை அவசரமில்லாமல் பார்க்கத்தான் நான்கு நாள் கேட்கிறேன்.

தவறவிடவே கூடாத இடம் நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் அரச சிற்றாலயம், கப்பெல்லா பலத்தினா. 1140இல் நேர்ந்தளிக்கப்பட்டது. இரண்டாம் நாள் காலை, கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். பத்து மணிக்குமேல் சொகுசுக் கப்பல் கூட்டம் வந்துவிட்டால் கழுத்தை நிமிர்த்தக்கூட இடம் கிடைக்காது. சுவர் முழுக்கத் தங்கப் பின்னணியில் மொசைக், அதாவது சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த படங்கள். அதை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் நடுக்கூடத்தின் மரக்கூரையைப் பாருங்கள். தேன்கூட்டு அறைகள்போல அடுக்கடுக்காகக் குடைந்த அரபு மரவேலை அது. ஒவ்வொரு முகப்பிலும் சின்னச் சின்ன ஓவியம்: இசைப்பவர்கள், ஆடுபவர்கள், சதுரங்கம் ஆடும் இருவர், ஓரங்களில் அரபு எழுத்தில் வாழ்த்துகள். கிறிஸ்தவ அரசன் கும்பிடும் கோயிலுக்கு இஸ்லாமியக் கலைஞர்கள் போட்ட கூரை. கண் பழக ஐந்து நிமிடமாவது ஆகும். கையடக்கமான தொலைநோக்கி இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அரண்மனையில்தான் 1947 முதல் சிசிலியின் சட்டமன்றம் கூடுகிறது. கூடும் நாட்களில் அரச அறைகளை மூடிவிடுவார்கள். வழக்கமாக அது செவ்வாய் முதல் வியாழன் வரை. சிற்றாலயம் திறந்திருக்கும். ஆனால் ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் சுற்றுலாக்காரர்களை விடமாட்டார்கள். அதனால் வெள்ளி, சனி அல்லது திங்களில் வைத்துக்கொள்வது நல்லது. மேல்மாடிக்கு ஏறவேண்டும் என்பதால், அம்மாவுக்கு மின்தூக்கி வசதி உண்டா என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மொன்றியாலே. நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் சிற்றூர். ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் 1174 வாக்கில் தொடங்கிய பேராலயம். உள்ளே 6,000 சதுர மீட்டருக்குமேல் மொசைக். உலகம் படைக்கப்பட்டது, நோவா கப்பல் கட்டியது என்று பைபிள் கதைகள் சுவரில் வரிசையாக ஓடுகின்றன. எழுத்து தெரியாதவருக்கும் கதை புரியும், அம்மாவுக்குப் பிடிக்கும். பக்கத்தில் துறவியர் முற்றம். அதைச் சுற்றி 228 தூண்கள், இரண்டிரண்டாக நிற்கின்றன. தூண் தலைப்புகளின் சிற்பங்கள் விதவிதமானவை. முற்றத்துக்குத் தனிச் சீட்டு, கட்டாயம் வாங்குங்கள். இந்தெபெந்தென்சா சதுக்கத்திலிருந்து 389ஆம் எண் பேருந்து போகிறது. ஆனால் இறங்கிய பிறகு மேட்டில் நடக்கவேண்டும் என்பதால் உங்களுக்கு டாக்சிதான் சரி. ஏறும் முன் போகவர எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு விஷயம், அரண்மனைச் சிற்றாலயத்தைப் பார்த்த பிறகுதான் மொன்றியாலே. இதை முதலில் பார்த்துவிட்டால் அங்கே போய் "இவ்வளவுதானா" என்பீர்கள்.

மற்றவற்றை ஊருக்குள் நடக்கிற போக்கில் பார்க்கலாம். மர்த்தோரானா ஆலயத்தில் இயேசு தம் கையால் ரோஜருக்கு முடிசூட்டும் மொசைக் இருக்கிறது. அந்தக் காலத்து அரசியல் விளம்பரம். அதன் பக்கத்திலேயே மூன்று சிவப்புக் குமிழ்மாடங்களோடு சான் கத்தால்தோ. எதிரே சான்தா கத்தரீனா மடத்தில் கன்னியர் செய்த இனிப்புகளை அவர்களுடைய பழைய செய்முறைப்படி விற்கிறார்கள். பலெர்மோவின் பேராலயம் வெளியே பிரமாதம், உள்ளே சுமார். பிற்காலத்தில் மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஆனால் தெற்கு வாசல் மண்டபத்தில் ஒரு தூணைத் தேடிப் பாருங்கள், அதில் குர்ஆன் வரி செதுக்கியிருக்கும்.

உங்கள் மகனுக்காக ஸீஸா மாளிகையைச் சேர்க்கிறேன். சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத இடம். 1165இல் தொடங்கிய கோடைக்கால அரண்மனை. கடற்காற்று வரும் பக்கம் பார்த்து வாசல், நடுக்கூடத்தில் ஊற்று, அதிலிருந்து தரையில் ஓடும் வாய்க்கால், சூடான காற்று மேலே வெளியேறச் சுவருக்குள் வழி. மின்சாரம் இல்லாத காலத்துக் குளிர்சாதனம். அங்கேயே 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஒன்றும் இருக்கிறது. ரோஜரின் அரசவைப் பாதிரியார் ஒருவர் தன் தாய்க்கு வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபு, பிறகு எபிரேய எழுத்தில் அரபு என்று நான்கு விதமாக ஒரே செய்தி, தேதியும் அவரவர் ஆண்டுக்கணக்கில்.

இனி நாளை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். பலெர்மோவில் மதியம் ஒரு மணிக்குமேல் பல ஆலயங்களும் சின்னக் கடைகளும் மூடிவிடும். மூன்று நான்கு மணிக்குத்தான் மறுபடி உயிர் வரும். அந்த நேரத்தில் வெயிலில் அலைந்து மூடிய கதவுகளைப் பார்ப்பதைவிட, அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். காலையில் ஒரு பெரிய இடம், மாலையில் தெரு. ஒரு நாளைக்கு அதுபோதும். மாலை ஆறு மணிக்குமேல் மக்வேதா தெருவும் விக்தோரியோ எமனுவேலே தெருவும் நடப்பவர்களுக்கே சொந்தம். இரண்டும் வெட்டும் இடம்தான் 17ஆம் நூற்றாண்டின் நாற்சந்தி, குவாத்ரோ கான்தி. தரைக்கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அக்டோபரில் மழை ஆரம்பித்துவிடும், நனைந்தால் வழுக்கும். அம்மாவுக்கு ரப்பர் அடி போட்ட செருப்பு அல்லது ஷூ. ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்குப் பிரச்சினையே இல்லை, மகனின் அரைக்கால் சட்டைதான் பிரச்சினை.

சாப்பாடு. பல்லரோ சந்தைக்கு ஒரு காலையில் கட்டாயம் போங்கள். கூவி விற்பவர்கள், ஆளுயர வாள்மீன் தலை, குவித்து வைத்த கத்தரிக்காய் என்று சத்தமான சந்தை. அங்கே பொரித்துத் தரும் பனெல்லே உங்கள் வீட்டுக்கே உரியது. கடலைமாவைத் தண்ணீரில் களியாகக் கிண்டி, பரப்பி ஆறவிட்டு, வில்லை போட்டுப் பொரிக்கிறார்கள். பஜ்ஜிக்கடை வாசம் அப்படியே அடிக்கும். எலுமிச்சை பிழிந்து, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். முட்டை இல்லை, பால் இல்லை. அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கு இந்த ஊரில் மறைந்திருக்கும் பொறிகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் "இறைச்சி இல்லை" என்று நம்பியே சொல்லுவார், அவர் கணக்கில் இதெல்லாம் இறைச்சி இல்லை. ஸ்பின்சோனே என்கிற தடித்த ரொட்டியில் வெங்காயம், தக்காளியோடு நெத்திலி மாதிரியான உப்பு மீன் கரைந்திருக்கும். அரிசி உருண்டையான அரன்சீனாவில் "வெண்ணெய் வகை" என்று ஒன்று உண்டு. சைவம் என்று நினைத்து வாங்கினால் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கன்னோலி என்ற இனிப்புக் குழலின் மொறுமொறு ஓட்டிலும், அடுமனைப் பன் வகைகளிலும் பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். அப்படியானால் அம்மா என்ன சாப்பிடுவார்? கத்தரிக்காய், செலரி, ஆலிவ் போட்டுப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கப்பொனாத்தா. மீன் சேர்க்காததா என்று கேட்டு வாங்குங்கள். காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக முட்டை கிடையாது, புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் இருக்கும். தக்காளியும் பூண்டும் போட்ட காய்ந்த பாஸ்தா எந்தக் கடையிலும் செய்து தருவார்கள். இனிப்புக்கு எலுமிச்சை கிரனீத்தா என்ற ஐஸ், அது வெறும் தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சைதான். அப்புறம் பாதாம் விழுதில் பழம்போலவே உருட்டி வண்ணம் பூசிய மர்த்தோரானாப் பழங்கள். நவம்பர் 2 இறந்தோர் நினைவுநாளுக்கான பண்டம், அக்டோபரிலேயே கடைகளில் அடுக்கிவிடுவார்கள்.

நான்கு சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சென்ஸா கார்னே (இறைச்சி வேண்டாம்), சென்ஸா பேஷே (மீன் வேண்டாம்), சென்ஸா உவோவா (முட்டை வேண்டாம்), சென்ஸா ஸ்ட்ருத்தோ (பன்றிக் கொழுப்பு வேண்டாம்). ஆனாலும் என் யோசனை, ஹோட்டலைவிட அடுப்புள்ள சின்ன வீடாக எடுங்கள். பல்லரோவில் காய்கறி மலிவு. அந்தப் பக்கமும் ரயில் நிலையத்தை ஒட்டிய மக்வேதா தெருவிலும் வங்காளதேசத்தவர், இலங்கையர் நடத்தும் மளிகைக் கடைகள் உண்டு. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு உணவகங்கள் எட்டு மணிக்குத்தான் களைகட்டும். அம்மா ஏழு மணிக்கே ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

கோயில் கேட்டீர்களே. இந்த ஊரில் தமிழர்களே தேடிப்போகும் இடம் ஒன்று உண்டு. நகரத்தின் வடக்கே 600 மீட்டர் உயரத்தில் மொந்தே பெல்லெக்ரீனோ மலை. அதன் குகையில் 12ஆம் நூற்றாண்டில் தனியாகத் தவம் செய்தவர் புனித ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் ஊரை அழித்துக்கொண்டிருந்தபோது அவருடைய எலும்புகள் அங்கே கிடைத்தன, ஊர்வலமாக எடுத்துவந்ததும் நோய் அடங்கியது என்பது நம்பிக்கை. அன்றிலிருந்து அவர்தான் ஊர்க் காவல் தெய்வம். உள்நாட்டுப் போர் காரணமாக இலங்கையிலிருந்து வந்து பலெர்மோவில் குடியேறிய தமிழர்கள் இந்தக் குகைக்கு நேர்ந்துகொண்டு போகிறார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, இந்துக்களும்தான். ஞாயிற்றுக்கிழமை போனால் மலைப்பாதையில் தமிழ் காதில் விழ நல்ல வாய்ப்பு உண்டு. நகரத்திலிருந்து 812ஆம் எண் பேருந்து மேலேயே கொண்டுபோய் விடும். குகைக் கூரையில் சொட்டும் நீரை உலோகத் தகட்டு வாய்க்கால்கள் ஏந்தி ஓரமாக வடிக்கின்றன. இறங்கும் முன் வளைகுடாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு மாலை மரீனா சதுக்கத்துப் பூங்காவுக்கு. அங்கே விழுது விட்டு நிற்கிற பிரம்மாண்ட மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அத்தி இனம், நம் ஆலமரத்துக்குச் சொந்தம். ஐரோப்பாவின் மிகப் பெரிய மரங்களில் ஒன்று. பெஞ்சில் அம்மாவும் நீங்களும் உட்கார்ந்திருங்கள். மனைவியும் மகனும் நடந்துபோய்ச் சான் லொரென்ஸோ ஜெபக்கூடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். சுவரெல்லாம் வெண்சுதைச் சிற்பம். பீடத்தின் மேலே புகழ்பெற்ற இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ஓவியம் இருந்தது. 1969 அக்டோபரில் ஓர் இரவு சட்டத்திலிருந்து வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது தொங்குவது நகல்.

கடல்: நகரத்துக்குள் குளிக்க இடமில்லை. 806ஆம் எண் பேருந்தில் மொந்தெல்லோ போகலாம், வெண்மணல், ஆழமில்லாத தண்ணீர். அக்டோபர் நடுவிலும் கடல் அவ்வளவாகக் குளிர்ந்திருக்காது. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் சொன்ன அந்த ரயில் பயண ஊரான செஃபலுவுக்கே ஓட்டு. பலெர்மோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், பாதி வழி கடலை ஒட்டியே. 1131இல் ரோஜர் தொடங்கிய பேராலயம், அதன் காலடியிலேயே மணற்கரை. மகன் பின்னாலிருக்கும் பாறைமலை ஏறலாம், நீங்கள் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். வானம் தெளிவாக இருக்கும் நாளுக்கு இதை ஒதுக்குங்கள், முன்கூட்டியே தேதி குறிக்காதீர்கள்.

மாஃபியா பயத்துக்கு வருகிறேன். அது சுற்றுலாப் பயணியைத் தேடி வருவதில்லை. கடைக்காரர்களிடம் மாமூல் வசூலிப்பதுதான் அதன் அன்றாடத் தொழில். 1992 மே 23 அன்று மாஃபியாவை எதிர்த்து வழக்கு நடத்திய நீதிபதி ஃபல்கோனே, அவர் மனைவி, மூன்று காவலர்களை நெடுஞ்சாலையில் குண்டு வைத்துக் கொன்றார்கள். 57 நாள் கழித்து அவருடைய நண்பர் நீதிபதி பொர்செல்லினோவையும் ஐந்து காவலர்களையும். நீங்கள் இறங்கப்போகும் விமான நிலையத்துக்கு இந்த இருவர் பெயர்தான். ஊருக்குள் வரும் வழியில் கப்பாச்சி என்ற ஊர் அருகே சாலையின் இரு பக்கமும் சிவப்புத் தூண்கள் தெரியும், அதுதான் இடம். 2004இல் இளைஞர்கள் சிலர் தொடங்கிய அத்தியோபிஸோ இயக்கத்தில் சேர்ந்து, மாமூல் தரமாட்டோம் என்று அறிவித்த கடைகள் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வாங்குவதை அங்கே வாங்குங்கள். மகனிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: சினிமா தாதா படம் போட்ட பனியன் வாங்குவதும், டாக்சிக்காரரிடம் மாஃபியா ஜோக் அடிப்பதும் வேண்டாம். அந்த ஊரில் செத்தவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பயப்படவேண்டியது நெரிசலில் பை அறுப்பவர்களுக்குத்தான், சந்தையிலும் பேருந்திலும் பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

கார் வேண்டவே வேண்டாம். பழைய நகரத்துக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும், அபராதச் சீட்டு வாடகை நிறுவனம் வழியாக மாதங்கள் கழித்து ஈரோட்டுக்கே வரும். விமான நிலையம் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர். ரயிலும் பேருந்தும் உண்டு, நான்கு பேர் பெட்டிகளோடு என்றால் முன்பதிவு செய்த டாக்சி. தங்கும் வீட்டைக் குவாத்ரோ கான்திக்கும் மாஸ்ஸிமோ இசை நாடக அரங்குக்கும் நடுவில் பாருங்கள். பழைய மாளிகைகளில் பல வீடுகளுக்கு மின்தூக்கி கிடையாது. படத்தில் வீடு அழகாக இருக்கும், அது மூன்றாவது மாடி என்பது வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கப்புச்சின் நிலவறையில் பதப்படுத்திய ஆயிரக்கணக்கான உடல்கள் உடையோடு சுவரில் நிற்கின்றன. மகன் கேட்டால் போய்வரட்டும், அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள்.

விசா: அதிக நாள் தங்குவது ஜெர்மனியில், அதனால் ஜெர்மனிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கிடைப்பது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா, அது இத்தாலிக்கும் செல்லும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கோடையில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பது சிரமம், ஆகவே ஜூனுக்குள் முடித்துவிடுங்கள். பலெர்மோ போகவர விமானச் சீட்டும் தங்கும் முன்பதிவும் பயண விவரத்தில் இருக்கட்டும், மறைக்கவேண்டியதில்லை. மருத்துவக் காப்பீடு ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொருந்துவதாக எடுக்க வேண்டும். அம்மாவின் வயதுக்குப் பிரீமியம் கூடுதலாக வரும். அவருடைய முழங்கால் வலி, ரத்த அழுத்தம் போன்ற பழைய தொந்தரவுகளைக் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் ஒரு பிரதி வாங்கிக் கைப்பையில் வையுங்கள்.